டாப்சிலிப்பில் ஒளிந்திருக்கும் 'ஸ்லிப்'

ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப்பின் பெயரிலேயே ஓர் ஆங்கில வினைச்சொல் இருக்கிறது, கவனித்தீர்களா? வெள்ளையர் காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை உச்சியிலிருந்து சரிவில் நழுவவிட்டுக் கீழே இறக்கினார்கள். உச்சி 'டாப்', நழுவுதல் 'ஸ்லிப்'.

வழுக்கிவிட்டால் நாம் 'ஸ்லிப் ஆயிட்டேன்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஐ ஸ்லிப்ட்' போதும். 'ஸ்லிப்பெட்' என்று இழுக்க வேண்டாம்.

வேறு பொருள்களும் உண்டு:

• 'ஹி ஸ்லிப்ட் அவே': சத்தமில்லாமல் நழுவிவிட்டார்.

• 'ஸ்லிப் ஆன் யுவர் ஷூஸ்': சட்டென்று ஷூவை மாட்டிக்கொள்.

• 'இட் ஸ்லிப்ட் மை மைண்ட்': மறந்தே போச்சு. இங்கே எழுவாய் 'ஐ' அல்ல, மறந்த விஷயம்தான். 'ஐ ஸ்லிப்ட் மை மைண்ட்' என்றால் தவறு.

வீட்டுப்பாடம்: 'அவள் பிறந்தநாள் மறந்துபோச்சு.' இதை 'ஸ்லிப்ட்' போட்டுச் சொல்லுங்கள், பார்ப்போம்!