மூடின பெட்டியும் முஸ்தபாவும்

"டிவி பின்னாடி சொருகற ஸ்டிக்கு, பத்தாயிரம் கேம், ஆன்லைன்ல ஆர்டர் பண்ணா வீட்டுக்கே வந்துடுது. இதுக்குப் போயி யாராச்சும் உக்காந்து பெட்டி செய்வாங்களா?"

பதிவுலக நண்பர்கள் நாலு பேராவது இதைக் கேட்டுட்டாங்க. தனித்தனியா பதில் சொல்லிக் கை வலிக்குது. அதனால பொதுவுல ஒரு பதில்.

நான் செய்தது ஒரு கண்ட்ரோலர். ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பட்டன், அதே பெட்டிக்குள்ளேயே ராஸ்பெரி பை போர்டு. எந்த வீட்டு டிவியிலயும் மாட்டலாம், கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போகலாம். இது என் கண்டுபிடிப்பு இல்லீங்க. 1982ல வந்த கமடோர் 64ம் விசைப்பலகைக்குள்ள கம்ப்யூட்டர்தான். 2020ல ராஸ்பெரி பை 400 வந்ததும் அதே மாதிரிதான். நான் விசைப்பலகைக்குப் பதிலா ஜாய்ஸ்டிக் வச்சேன், அவ்ளோதான்.

சரி, எதுக்கு இந்த வேண்டாத வேலை? முஸ்தபாவை எடுத்துக்குங்க. 1993ல காப்காம் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. நம்ம நாட்டுல அந்தப் பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது. மஞ்சத் தொப்பிக்காரன் பேருல 'முஸ்தபா கேம்'னாதான் தெரியும். வீடியோ கேம் கடையில ஒரு ரூபாய்க் காசுக்கு வரிசையில நின்னவங்க கையத் தூக்குங்க :-)

அந்த ஆட்டத்தோட அசல் போர்டுல ஒரு கூத்து இருக்கு. ஒலிப்பகுதி நிரலைப் பூட்டி வச்சு, சாவியை ஒரு சின்ன பாட்டரியோட தயவுல விட்டிருந்தாங்க. பாட்டரி தீர்ந்தா சாவி அழிஞ்சுது, போர்டும் படுத்துக்கும். செஞ்சவனே வச்ச குண்டு! அப்படிச் செத்த போர்டுகளை உயிர்ப்பிச்சது பிரிச்சுப் பாத்த ஆர்வலர்கள்தான். ஆட்டம் இன்னிக்கும் ஓடுதுன்னா, 1997ல நிக்கோலா சால்மோரியா ஆரம்பிச்ச 'மேம்' மாதிரியான முன்மாதிரி நிரல்கள் முக்கியக் காரணம். 2018ல காப்காம் தன்னோட பழைய அடிதடி ஆட்டங்கள் ஏழை ஒரே தொகுப்பா வித்தப்போ, அதுல முஸ்தபா இல்லை.

மூடி வச்சவன் கைவிட்டான், திறந்து பாத்தவன் காப்பாத்தினான். என் கட்சி இதுதான்.

எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம்.

"போன்லயே ஆடலாமே?" ஆடலாம், வாழையிலையில சாப்பிடுறதைப் போட்டோவுல பாக்குற மாதிரி. ஜாய்ஸ்டிக்குக்கு அடியில நாலே நாலு மைக்ரோசுவிட்ச்தான். குறுக்கே தள்ளினா ரெண்டு சேந்து அமுங்கும். எட்டுத் திசையும் அப்படித்தான் வருது. அந்த 'டக்' சத்தம் விரலுக்குத் தெரியும். கண்ணாடித் திரைக்கு அது தெரியாது.

"ஸ்டிக்கு மலிவாச்சே?" எங்க அத்தை பையன் ஒண்ணு வாங்கினான். மூணாம் மாசம் ஒரு பட்டன் போச்சு. திறக்கலாம்னா ஸ்க்ரூவே கிடையாது, ஒட்டி வச்சிருக்கான். உதிரிப் பாகமும் கிடையாது. பெட்டியோட குப்பைக்குப் போச்சு. என் பெட்டியில பட்டன் போனா? பின்னாடி ரெண்டு வயர், ரெண்டு கிளிப். பழசைக் கழட்டிப் புதுசை மாட்ட ஒரு டீ ஆறுற நேரம் போதும். மலிவு எதுங்க?

"எல்லாம் திருட்டு கேம்தானே?" இது நியாயமான கேள்வி. ஆனா கேக்க வேண்டியது யாரை? பத்தாயிரம் ஆட்டத்தை யாருக்கும் காசு கொடுக்காமத் திணிச்சு விக்கிறவனை. நாமே கட்டினா உள்ள என்ன போகணும்னு நாம முடிவு பண்ணலாம். உரிமையாளர் அனுமதியோட இலவசமா கிடைக்கிற 'ராபி ரோட்டோ', 'கிரிட்லி' மாதிரி ஆட்டங்கள் மேம் தளத்துலயே இருக்கு. நாமளே நிரல் எழுதியும் போடலாம். ஒட்டின பெட்டியில அது நடக்குமா?

இனி எங்க ஊர்க் கதை. கோட்டுச்சேரிமேடு காரைக்கால் கரையில இருக்கிற மீனவ ஊரு. இங்க உப்புக் காத்து எதையும் விடாது, கேட்டு கீல்லேர்ந்து டிவி பின்புறம் வரைக்கும் துரு. கடையில விக்கிற பெட்டி எதுவும் இந்தக் காத்தை மனசுல வச்சு செஞ்சதில்லை. அதனால படகு வேலை பாக்குற அண்ணன்கிட்ட மிச்சமிருந்த ரெசினும் ஃபைபர் மேட்டும் வாங்கி, பிளைவுட் பெட்டி மேல பூசினேன். பட்டன் கிளிப்புல எல்லாம் லேசா வாசலின், பாட்டரி முனைக்குத் தடவுற மாதிரி. அடியில காத்துக்கு ஓட்டை போட்டு, அதுல கொசுவலைத் துண்டு. ரிச்சி தெருவுல கிடைக்காத யோசனை எல்லாம் படகுத் துறையில கிடைக்குது.

அந்த அண்ணன் அத்தை பையனோட ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுக் கேட்டாரு: "ஏந் தம்பி, தொறக்க முடியாத சாமானை நடுக்கடலுக்கு எப்புடி எடுத்துட்டுப் போறது?"

என் கோவமும் அதுதான். நடுக்கடல்ல எஞ்சின் நின்னா பிரிச்சு மாட்டிக் கரை சேர்ற அப்பாக்களோட பிள்ளைங்க, ஒரு பட்டன் போனா 'வேற வாங்கித் தா'ங்கிறாங்க. புள்ளைங்க மேல குத்தமில்லை. திறக்குற மாதிரி ஒரு சாமானையும் நாம அவங்க கையில கொடுக்கலை. பக்கத்துல திருவேட்டக்குடியிலதான் என்.ஐ.டி. இருக்கு. அங்க போய் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு ஸ்க்ரூவையாவது கழட்டின கை வேணாமா?

அதனால அடுத்த பொறந்தநாளுக்கு ஸ்டிக்கு வாங்குறவங்க, அதோட விலையில ஒரு ஜாய்ஸ்டிக்கும் ஆறு பட்டனும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் வாங்கிக் கொடுங்க. வீட்டுல இருக்கிற பழைய கம்ப்யூட்டர்ல ஒரு யூ.எஸ்.பி. என்கோடர் போர்டு வழியா மாட்டினாலே ஆரம்பிச்சிடலாம். பை போர்டு பொறுமையா வரட்டும்.

பி.கு: "நேரம் ஏது?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: நாலு ஞாயித்துக்கிழமை. நீங்க மெகா சீரியலைத் திட்டி எழுதின பதிவுகளுக்கு ஆன நேரத்தை விடக் கம்மி. ஹிஹி.