வரைபுகள் யாருக்காக?

நூல்களை மின்வருடிச் சேமித்துவிட்டால் அறிவு அனைவர்க்கும் பொதுவாகிவிட்டது என இன்று பெருமிதத்தோடு பேசப்படுகின்றது. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் அழிவினின்று காத்துவரும் பணி போற்றுதற்குரியது. ஆயின், சேமித்தல் வேறு, சேர்ப்பித்தல் வேறு. மின்வருடிய பக்கம் வெறும் நிழற்படமே. எழுத்துணரி மென்பொருள் அதன் எழுத்துக்களைப் பிரித்தெடுத்தால், திரைவாசிப்பான் அவற்றைப் படித்துக்காட்டும். விழிப்புலனற்ற மாணவர் கேட்டறிவார். வரைபு வரும் இடத்திலோ அவர் செவிக்கு எட்டுவது மௌனம். அல்லது தொடர்பற்ற சில எண்களின் சிதறல்.

நாவிதன்வெளிப் பிரதேசத்து நெற்செய்கை பற்றிய புவியியற் பாடமொன்றைக் கருதுக. மாத மழைவீழ்ச்சியைக் காட்டும் சலாகை வரைபே அப்பாடத்தின் உயிர். வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களிற் சலாகைகள் ஓங்கி நிற்கும். யூன், யூலையில் தாழ்ந்து கிடக்கும். பெரும்போகம் ஏன் மழையை நம்புகின்றது, சிறுபோகம் ஏன் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீரை நாடுகின்றது என்பதற்கான விடை அவ்வேற்றத்தாழ்விலேயே உள்ளது. ‘படம் 3: மழைவீழ்ச்சி’ என்ற தலைப்பை மட்டும் கேட்கும் மாணவருக்கு அவ்விடை மறுக்கப்படுகின்றது. உழவர் வீட்டிற் பிறந்து அம்மழையில் நனைந்து வளர்ந்தவராயினும், அதன் கணக்கு அவருக்கு எட்டுவதில்லை.

வரைபு கண்ணுக்கே உரியது, அதனைச் சொல்லால் உணர்த்தல் இயலாது என்பர் சிலர். இவ்வாதம் பொருந்தாது. 1786இல் வில்லியம் பிளேபெயர் ஸ்கொத்லாந்தின் வணிகக் கணக்கைச் சலாகைகளாக வரைந்து வெளியிட்டார். எண்களே அங்குப் படமாயின. படமானதை மீண்டும் எண்ணாக்க ஏன் இயலாது? வரைபின் வகை, அச்சுகள் குறிப்பவை, அலகு, உச்சமும் தாழ்வும், பொதுப் போக்கு ஆகிய ஐந்தையும் சில வாக்கியங்களிற் கூறி, எண்களை அட்டவணையாகத் தருதல் போதும். வரைபைப் பார்த்து மதிப்பிட்ட எண்ணாயின் ‘ஏறத்தாழ’ எனக் குறிக்கும் நேர்மை வேண்டும். சொல்லுக்கு அடங்காத நிலப்படங்களுக்குத் தொட்டுணரும் புடைப்பு வரைபு உண்டு.

செயற்கை நுண்ணறிவு இதனைச் செய்யுமே என்பது மற்றொரு சமாதானம். அது வரைபின் எண்களைப் பிழையாகப் படிப்பதுண்டு. பிழையைப் படத்தோடு ஒப்பிட்டுக் காண இயலாதவரிடம் அதனை அப்படியே ஒப்படைத்தல் உதவியாகாது. பாடம் அறிந்தவர் சரிபார்த்தல் இன்றியமையாதது.

சட்டத்தைக் காட்டி ஒதுங்குதலும் இனி அழகன்று. விழிப்புலனற்றோர்க்கு ஏற்ற வடிவில் நூல்களை ஆக்குதற்குப் பதிப்புரிமை தடையாகாதிருக்க 2013இல் மராகேஷ் உடன்படிக்கை வழிவகுத்தது. 2016இல் இலங்கையும் அதில் இணைந்தது.

குறைவது அக்கறையே. ஒவ்வொரு துறையின் மாணவரும் ஆண்டுக்கொரு நூலின் வரைபுகளுக்கு விளக்கம் எழுதட்டும். விரிவுரையாளர் அதனைத் திருத்திப் புள்ளியிடட்டும். நூலாசிரியர் தம் வரைபுகளுக்குரிய எண்களை ஒளியாது வெளியிடட்டும். தமிழ்ச் சங்கங்கள் தத்தம் மலர்களிலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம். கண்ணுள்ளோர்க்கு மட்டுமே திறந்திருக்கும் நூல் நிலையத்தைப் பொது நூல் நிலையம் என்றழைக்கும் உரிமை எவர்க்கும் இல்லை.