தொலைந்து போன ஒரு படம்

வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. ஒரு நாள் காலையில் குழந்தை இரண்டு தாள்களைச் சேர்த்துக் கிழித்து விடுகிறது, யாரும் கவனிக்கவில்லை. அன்று முதல் வீட்டில் ஒரே குழப்பந்தான். பாட்டி தசமியன்றே ஏகாதசிப் பட்டினி கிடக்கிறாள். வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையன்று அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓடுகிறார். காலண்டரில் அச்சிட்டது எதுவும் பிழையில்லை. ஆனால் ஒவ்வொரு தாளும் தனக்கு உரியதல்லாத நாளில் நம் முன்னே நிற்கிறது!

இதே மாதிரியான கோளாறு ஒன்று, 2021-ம் வருஷம் மே மாதம் 22-ந் தேதி, செவ்வாய் கிரகத்தில் நேர்ந்தது.

அங்கே அமெரிக்கர்கள் 'இன்ஜெனுயிட்டி' என்ற சிறிய ஹெலிகாப்டர் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். எடை 1.8 கிலோதான். அதன் தலைமை எஞ்சினியர் பலராம் நமது சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பது நேயர்களுக்குச் சந்தோஷம் அளிக்கும். பூமியிலிருந்து ரேடியோச் செய்தி செவ்வாயை அடையப் பல நிமிஷங்கள் ஆகின்றன. 'வலப்பக்கம் திரும்பு' என்று நாம் சொல்லி, அது காதில் விழுவதற்குள் அந்தப் பிரயாணமே முடிந்து போயிருக்கும். ஆகையால் ஹெலிகாப்டர் தன் புத்தியைக் கொண்டு தானே பறக்க வேண்டும். பறந்ததையெல்லாம் தானே எழுதி வைக்கவும் வேண்டும். நாம் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொள்ளலாம்.

அது பறப்பது எப்படி? தன் அசைவுகளை விநாடிக்கு 500 தடவை அளக்கிறது. அந்த அளவுகளில் ஏற்படும் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். அவற்றைத் திருத்துவதற்காக, கீழே பார்க்கும் காமிரா ஒன்று விநாடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் குறிக்கப்படுகிறது. 'இந்த நேரத்தில் இந்தக் கல் இங்கே தெரியவேண்டும். கொஞ்சம் தள்ளித் தெரிகிறதே!' என்று கணக்கிட்டு, யந்திரம் தன்னைச் சரிப்படுத்திக் கொள்கிறது.

ஆறாவது தடவை பறந்தபோது, சுமார் 54-வது விநாடியில் ஒரே ஒரு படம் தொலைந்து போயிற்று. அதற்குப் பின் வந்த படங்கள் எல்லாவற்றிலும் நேரம் தவறிவிட்டது. இரண்டு தாள் கிழிந்த காலண்டர் கதைதான்! ஹெலிகாப்டர், இல்லாத பிழையைத் திருத்தப் போய், முன்னும் பின்னுமாக ஆட ஆரம்பித்தது. சில சமயம் 20 டிகிரிக்கு மேலும் சாய்ந்தது. ஆனால் இறங்கும் கடைசிக் கட்டத்தில் காமிராவின் பேச்சைக் கேட்கக் கூடாதென்று அதற்கு முன்பே கற்பித்திருந்தார்கள். அதனால், குறித்த இடத்துக்கு ஏறக்குறைய 5 மீட்டருக்குள் பத்திரமாக இறங்கியது.

இப்போது பூமியில் இருப்பவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். யந்திரம் தள்ளாடியது என்று மட்டும் தெரிந்திருந்தால், யார் மேல் பழி விழுந்திருக்கும்? காற்றின் மேல், மோட்டாரின் மேல், இறக்கைகளின் மேல். நல்ல உறுப்பைச் சந்தேகித்து, 'இனி இது பறக்க வேண்டாம்' என்று மூலையில் உட்கார்த்தி வைத்திருக்கலாம். யந்திரம் எழுதி வைத்த குறிப்புகள்தான் அதைக் காப்பாற்றின. வெறும் எண்களாகப் படித்தால் அவை கண்ணைச் சுற்றும். கோடாக வரைந்து பார்த்தால், எந்த விநாடி வரை கோடு ஒழுங்காகப் போயிற்று, எங்கே அலை கிளம்பியது என்று சிறு பிள்ளைக்கும் புரியும். கடைசி 29 விநாடிப் படங்களை வரிசையாக ஓட்டினால், செவ்வாயின் தரை ஊஞ்சல் போல ஆடுவது தெரிகிறது.

ஐந்து தடவை பறப்பதற்கென்று செய்த அந்த ஹெலிகாப்டர், மொத்தம் 72 தடவை பறந்தது.

கடைசிப் பயணம் 2024-ம் வருஷம் ஜனவரி 18-ந் தேதி. இறக்கைகள் ஒடிந்தன. அவை மணலில் இடித்து ஒடிந்திருக்கலாம் என்றே முதலில் நினைத்தார்கள். குறிப்புகளையும் படங்களையும் மாதக் கணக்காக ஆராய்ந்து, அவ்வருஷம் டிசம்பரில் வேறு முடிவு சொன்னார்கள். கீழே ஒரே மணற்பரப்பு, கல்லில்லை, அடையாளமில்லை. தான் எவ்வளவு வேகமாகப் பக்கவாட்டில் நகர்கிறது என்று அறிய முடியாமல், மணல்மேட்டின் சரிவில் வேகமாக வந்து இறங்கியது. அந்த அதிர்ச்சியில் யந்திரம் சட்டென்று சாய, தாங்கமாட்டாமல் இறக்கைகள் முறிந்தன. முதல் தடவை நல்ல படங்களுக்குத் தவறான நேரம். இரண்டாம் தடவை படத்தில் பார்ப்பதற்கே ஒன்றுமில்லை!

இறந்த பிற்பாடு ஏன் இத்தனை ஆராய்ச்சி என்று கேட்கலாம். அடுத்துச் செவ்வாயில் பறக்கப் போகும் யந்திரத்துக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. நாம் டைரி எழுதினால் நமக்குப் பெருமை தராத பக்கத்தை மெதுவாக விட்டுவிடுவோம். அந்தச் சாமர்த்தியம் பாவம், யந்திரத்துக்கு இல்லை. தான் தடுமாறிய விநாடியையும் அது உள்ளபடி எழுதி வைத்திருந்தது.