மலிவான அறையின் மறுபக்கம்



குறைந்த செலவில் லாஸ் வேகாஸ் சென்று வரலாமா என உங்களில் சிலர் கேட்டீர்கள். தாராளமாகச் செல்லலாம். ஆனால் கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று ஆண்டவர் கற்பித்ததை மறவாதிருங்கள்.

ஞாயிறு முதல் வியாழன் வரை அறை வாடகை பெரும்பாலும் குறைவு. ‘ரிசார்ட் கட்டணம்’ என்று தனியே ஒரு தொகை உண்டு. அதையும் கூட்டிய பிறகே விடுதிகளை ஒப்பிடுங்கள். ஸ்ட்ரிப் சாலையில் இரவும் பகலும் டியூஸ் பேருந்து ஓடுகிறது. பெல்லாஜியோ நீரூற்றைக் காணக் கட்டணமில்லை.

இந்த மலிவு எங்கிருந்து வருகிறது? 1931-இல் நெவாடா சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அறையில் விட்டதைக் கீழ்த்தளத்து மேசையில் பிடிப்பதே நெடுங்காலம் அங்குள்ள விடுதிகளின் வழக்கமாக இருந்தது. வேடிக்கைக்கு இருபது டாலர்தானே என்பீர்கள். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு டாலர் வைத்துப் பாருங்கள். 36 டாலரே திரும்பும். இதில் அதிர்ஷ்டத்திற்கு என்ன வேலை?

உங்களுக்கு அது இருபது டாலர். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கோ அது அந்த மாத வீட்டு வாடகையாக இருக்கலாம். நீங்கள் செலுத்தாத அறைப் பணத்தில் ஒரு பங்கை அவர் செலுத்தக்கூடும். எனக்கு உறுத்துவது இதுவே.

ஆகவே ஆட்டத்திற்கென்று ஒரு தொகையும் ஒதுக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு நாள் மட்டும் கார் எடுத்துப் பிள்ளைகளுக்கு ஹூவர் அணையைக் காட்டுங்கள். ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை.