பூட்டாத பூட்டு

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஊர்க்காரனான என் மச்சினன் பூட்ட மறந்த கதை இது.

இன்ஜினீயரிங் படித்தவன். “மச்சான், ஓஎல்இடி திரையில ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குட்டி சர்க்யூட் இருக்கு. கெபாசிட்டர் வோல்டேஜைப் பிடிச்சு வெச்சுக்கும். டிரான்சிஸ்டர் அதுக்கேத்த கரண்ட்டை விடும். டிரான்சிஸ்டர்கள் ஒண்ணுக்கொண்ணு வித்தியாசப்பட்டா படம் திட்டுத் திட்டாத் தெரியும். அதைச் சரிக்கட்டிட்டேன். பேடன்ட் வாங்கணும்!”

என் பி.காம். மூளைக்குப் புரிந்தது கடைசி வரி மட்டும்தான். “யார்கிட்டயாவது காட்டினியா மாப்ளே?”

“ரெண்டு வருஷம் முந்தி காலேஜ் கண்காட்சியில, வந்தவங்களுக்கெல்லாம் ஜெராக்ஸ் கொடுத்தேன்.”

போச்சு! விசாரித்துப் பார்த்தேன். பேடன்ட் பரிசோதகர் கேட்கும் முதல் கேள்வியே, ‘இது ஏற்கெனவே வெளியானதா?’ என்பதுதான். நாமே வெளியிட்டிருந்தாலும் கணக்கு கணக்குதான். அரசு அறிவித்த கண்காட்சி என்றால் 12 மாதச் சலுகை உண்டு. காலேஜ் ஸ்டாலுக்குக் கிடையாது. அடுத்த கேள்வி, ‘பழைய சர்க்யூட்டுகளைப் பார்த்தாலே தொழில் தெரிந்தவனுக்கு இது தோன்றிவிடாதா?’

“அதுக்கப்புறம் ஒரு புது மாத்தம் பண்ணியிருக்கேன் மச்சான். யாருக்கும் காட்டலை...”

“வாயை மூடு! முதல்ல மனு, அப்புறம் பெருமை.”

பூட்டிவிட்டுத்தான் வெளியே கிளம்ப வேண்டும். இதைத் திண்டுக்கல்காரனுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள்!