ஒரு சொல்லும் ஒரு சட்ட ஆசிரியரும்

சர்வதேசச் சட்டம் என்றால் போர், எல்லை, கப்பல், தூதரகம் பற்றியது. பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்வருகிற நமக்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் பலரும் நினைக்கிறோம். ஆனால் அது நமக்கே தெரியாமல் நம் வாசல்வரை ஏற்கெனவே வந்துபோயிருக்கிறது.

சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. நம் அரசியல் சட்டத்தோடு, 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையையும் அத்தீர்ப்பு துணைக்கு அழைத்தது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பாயத்தை உருவாக்கிய 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகப்புரையைப் புரட்டிப் பாருங்கள். 1972 ஸ்டாக்ஹோம் மாநாடும் 1992 ரியோ மாநாடும் அங்கே இருக்கின்றன.

குழந்தை உழைப்புக்கும் சுற்றுச்சூழலுக்கும் இப்படி வந்துசேர்ந்த சர்வதேசச் சட்டம், சாதிக்கு மட்டும் ஏன் நெடுங்காலம் வரவில்லை? இந்தக் கேள்வியோடு படிக்க வேண்டியது இலங்கைச் சட்ட அறிஞர் ஆர்.கே.டபிள்யூ. குணசேகரவின் பணி வாழ்க்கை.

குணசேகர அடிப்படையில் ஓர் ஆசிரியர். கொழும்பில் உள்ள இலங்கைச் சட்டக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வேந்தர் பொறுப்பையும் வகித்தவர். இலங்கை உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குகளை நடத்தியவர். பத்திரிகைச் சுதந்திரத்தைப் பாதிக்கும் சட்டங்களைத் திருத்துவதற்கு ஆலோசனை சொன்ன குழுவின் தலைவராக 1996இல் அறிக்கை தந்தவர். ஜெனீவாவில் இயங்கிய ஐ.நா. மனித உரிமைத் துணை ஆணையத்தில் உறுப்பினராகவும் இருந்தார். அந்த ஆணையத்தில் 26 பேர். நாடுகளின் வாக்கால் தேர்வானாலும், உட்காருவது நாட்டின் தூதராக அல்ல, தனி வல்லுநராக. வகுப்பறைக்கும் ராஜதந்திரத்துக்கும் நடுவில் போடப்பட்ட நாற்காலி அது.

2000 ஆகஸ்டில் அந்த ஆணையம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. தொழிலையும் வம்சாவளியையும் காரணம் காட்டி மனிதரை ஒதுக்குவது சர்வதேச மனித உரிமைச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது என்றது. அதைப் பற்றி ஆய்வறிக்கை எழுதும் பொறுப்பு குணசேகரவிடம் வந்தது. 2001இல் அவர் அறிக்கை தந்தார்.

அறிக்கையில் அவர் எடுத்துக்கொண்ட நாடுகள் இந்தியா, இலங்கை, நேபாளம், பாகிஸ்தான், ஜப்பான். ஜப்பான் எப்படி உள்ளே வந்தது? அங்கே பரம்பரையாகத் தோல் தொழிலும் இறைச்சித் தொழிலும் செய்துவந்த புராக்குமின் மக்கள், அந்தத் தொழிலை விட்ட பிறகும் பிறப்பைச் சொல்லி ஒதுக்கப்படுகிறார்கள். 'சாதி' என்று மட்டும் தலைப்பு வைத்திருந்தால், 'எங்களை மட்டும் கூண்டில் ஏற்றுகிறார்கள்' என்று இந்திய அரசு எளிதாக எழுந்து போயிருக்கும். 'தொழிலும் வம்சாவளியும்' என்று வைத்ததால் மதம், நாடு, மொழி எல்லாவற்றையும் தாண்டி நோய் ஒன்றுதான் என்று காட்ட முடிந்தது. பின்னால் வந்த அறிக்கைகள் ஆப்பிரிக்க நாடுகளையும் சேர்த்துக்கொண்டன. சட்டங்கள் இருக்கின்றன, நடைமுறைதான் இல்லை என்பதையும் குணசேகர எடுத்துச் சொன்னார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கக் காவல் நிலையத்துக்கு அலைந்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'வம்சாவளி' என்ற அந்தச் சொல்லைச் சர்வதேசச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததே இந்தியாதான். இனப் பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கை 1965இல் உருவானபோது இனம், நிறம் ஆகியவற்றோடு இச்சொல்லையும் சேர்க்கச் சொன்னது நம் அரசு. 1968இல் உடன்படிக்கையை ஏற்றும் கொண்டது. பிறகு, 'அந்தச் சொல் இனத்தைத்தான் குறிக்கும், சாதியைக் குறிக்காது' என்று வாதாடத் தொடங்கியது. 1996இல் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு வாதத்தை ஏற்கவில்லை. வம்சாவளி என்பது இனம் மட்டுமல்ல, பட்டியல் சாதியினரின் நிலையும் அதற்குள் வரும் என்றது. 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதி என்ற சொல் இறுதிப் பிரகடனத்தில் இடம்பெறாதபடி இந்தியா பார்த்துக்கொண்டது. ஆனால் 2002இல் அதே குழு, சாதியும் அதைப் போன்ற பரம்பரைப் படிநிலைகளும் வம்சாவளிப் பாகுபாடே என்று பொதுப் பரிந்துரையாகவே எழுதிவைத்தது. டர்பனில் அடைத்த கதவு ஜெனீவாவில் திறந்தது.

இதனால் நம் தெருவில் என்ன மாறியது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் பரிந்துரை நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. அதைக் காட்டி எந்த டீக்கடையிலும் தனிக் குவளையை எடுத்துவிட முடியாது. ஆனால் அரசு உலகின் முன் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயத்தை அது உண்டாக்கியது. 2006 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங், தீண்டாமைக்கு இணையானது தென்னாப்பிரிக்க நிறவெறி ஒன்றுதான் என்று டெல்லியில் பேசினார். இரண்டே மாதத்தில், 2007 பிப்ரவரியில், அவரது அரசின் பிரதிநிதிகள் அதே குழுவின் முன், சாதி இந்த உடன்படிக்கைக்குள் வராது என்றார்கள். உள்ளூரில் ஒரு பேச்சு, வெளியூரில் ஒரு பேச்சு. அந்த முரணை உலகம் பார்த்ததற்குக் காரணம், முன்பே எழுதி மேசைமேல் வைக்கப்பட்டிருந்த தாள்கள்.

இந்த வழியை முதலில் யோசித்தவர் அண்ணல் அம்பேத்கர். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு மனு கொடுக்கிறார்கள் என்று அறிந்ததும், 1946இல் அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதி அதன் படியைக் கேட்டார். அவரும் சட்டக் கல்லூரி ஆசிரியர்தான். 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானவர். பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று, 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றித் தம் ஆய்வுரையைப் படித்தவர்.

இன்று அப்படி ஒரு மாணவர் போக முடியுமா? பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் உயர்கல்வி பெற ஒன்றிய அரசு தேசிய அயல்நாட்டு உதவித்தொகை தருகிறது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. 2022இல் அதன் விதிமுறையில் ஒரு நிபந்தனை நுழைந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. இந்தியாவைப் பற்றிப் படிக்க வெளிநாடு எதற்கு, இங்கேயே படிக்கலாமே என்பது அரசுத் தரப்பின் வாதம். இந்த விதி அன்று பரோடாவில் இருந்திருந்தால், சாதியை ஆராயக் கொலம்பியாவுக்குப் போகிறேன் என்று எழுதிய விண்ணப்பம் முதல் மேசையிலேயே தள்ளுபடியாகியிருக்கும். பொறியியல் படி, மருத்துவம் படி, உன்னைப் பற்றி மட்டும் படிக்காதே என்று சொல்கிற உதவியை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

குணசேகர நம் சேரியில் பிறந்தவர் அல்லர், நம் நாட்டவரும் அல்லர். நேர்மையாக எழுதினார், நன்றி சொல்கிறோம். ஆனால் நம் வழக்கை எந்நாளும் பிறர்தான் எழுத வேண்டுமா? அடுத்த அறிக்கையை எழுதும் கை வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துக் காலனியிலிருந்து வரக் கூடாதா?

மாணவத் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறோம். மதுரையிலும் திருநெல்வேலியிலும் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே சேர்ந்தால் சர்வதேசச் சட்டம் என்ற பாடத்தைத் தேர்வுக்கு மட்டும் படித்துக் கடக்காதீர்கள். 1965 உடன்படிக்கையின் முதல் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நம்மைப் பற்றிய சொல் அதில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அஞ்ச வேண்டாம். அது பழகினால் வரும். பெற்றோரிடம் சொல்கிறோம்: சட்டம் படிக்க ஆசைப்படும் பெண் பிள்ளையை, 'நாலு காசு வரட்டும்' என்று ஆலை வேனில் ஏற்றிவிடாதீர்கள். நம் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. 2022இல் நுழைத்த அந்த நிபந்தனையை நீக்கச் சொல்லி அவையில் எழுந்து பேசுங்கள்.

சாதியைப் பற்றி உலக மேசையில் பேசவைக்க ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அந்தச் சொல்லைப் படித்து வாதாடத் தெரிந்த ஆள்கள் நமக்குள்ளிருந்து வர வேண்டும்.