முருகன் வண்டிக்கு என் பாத்திதான் ஸ்டாண்டா?

மயிலைப் பற்றிக் குறை சொன்னால் இந்த ஊரில் ஒருத்தரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. நாய் துரத்தியது என்றால் உச்சுக் கொட்டுகிறார்கள். குரங்கு வடாமைத் தூக்கிக்கொண்டு போனது என்றால் கூடவே கம்பெடுத்து வருகிறார்கள். மயில் கீரையை நாசம் பண்ணிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். "உங்க வீட்டுக்கு மயில் வருதா! கொடுத்து வெச்சிருக்கணும்" என்பார்கள்.

ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் எங்கள் மனைப்பிரிவு. பக்கத்தில் வல்லக்கோட்டை, அருணகிரிநாதர் பாடிய முருகன் கோயில். ஆக, இங்கே மயிலை 'சூ' என்று விரட்டுவதே பாதிப் பாவம். பக்கத்து வீட்டு அக்கா காலையில் கோலம் போட்ட கையோடு மதில்மேல் ஒரு பிடி அரிசி வைப்பார். டிபன் அங்கே, சாப்பாடு இங்கே. கேட்டால், "அது முருகன் வண்டிப்பா, வந்துட்டுப் போவட்டும் வுடு" என்கிறார். வண்டி வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது நிற்கிற இடம் என் அரைக்கீரைப் பாத்தி.

கீரையைத் தின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கல் பொறுக்கி, சலித்து, எரு கலந்து வைத்த மண்தான் அதற்கு வேண்டும். பெட்டை மயில் வந்து நடுப்பாத்தியில் உட்காரும். வயிற்றை மண்ணில் வைத்து இப்படியும் அப்படியும் தேய்க்கும். காலால் கிளறி, இறக்கையால் புழுதியை வாரி முதுகில் போட்டுக்கொள்ளும். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு அப்படி ஒரு சுகம்! எழுந்து உதறிவிட்டுப் போனால் பாத்தியில் அண்டா வைக்கிற அளவுக்குக் குழி. மிச்சத்தைக் குஞ்சுகள் சீய்த்து முடிக்கும். தக்காளியில் சிவந்த பக்கமாகப் பார்த்து ஒரு கொத்து, உடனே அடுத்த பழம். ஒன்றையாவது முழுசாகத் தின்றால்தான் என்ன?

ஆண் மயிலுக்குத் தோட்டத்தைவிடக் கார்தான் இஷ்டம். கதவில் தெரிகிற தன் உருவத்தை, போட்டிக்கு வந்த இன்னொரு ஆண் என்று நினைத்து டொக் டொக்கென்று கொத்துகிறது. ஊர் உலகத்துக்கே கார் செய்து அனுப்புகிற இடத்தில், என் கார் மட்டும் சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

ஒரு காலத்தில் மயில் பார்க்க விராலிமலைக்குப் போனோம். இப்போது அதுவே வீடு தேடி வருகிறது. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, எத்தனையோ பறவைகள் குறைந்துகொண்டே போவதைச் சொல்லிவிட்டு, மயில் பெருகுவதையும் சொன்னது. ஏன் பெருகாது? தொழிற்பேட்டைக்கென்று எடுத்து, ஆலை வராமல் கிடக்கிற நிலத்திலெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. தரையில் முட்டையிடுகிற பறவைக்கு அதைவிட நல்ல மறைவு ஏது? அந்த முட்டையைத் தேடித் தின்னத்தான் நரி இருந்தது. ஏரிக்கரைப் பக்கம் ராத்திரியில் நரி ஊளை கேட்கும் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது கேட்பது கண்டெய்னர் லாரி ஹாரன்தான். லண்டனில் வீட்டுத் தோட்டத்தைத் தோண்டிப் போடுகிறதென்று நரியைத் திட்டுகிறார்களாம். அதில் ஒரு ஜோடியை இந்தப் பக்கம் அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.

மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இருக்கிற அதே முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கொல்ல வேண்டும் என்று யார் கேட்டார்கள்? வயலில் விஷம் வைத்து மயில்கள் கூட்டமாகச் செத்துக் கிடந்த செய்தியைப் படித்தால் எனக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது. நான் கேட்பது ரெண்டு தக்காளி.

பழைய சிடியைக் கட்டித் தொங்கவிட்டேன். அதிலும் முகம் பார்த்துக்கொண்டது. நிலக்கடலைக் கொல்லைக்குக் கட்டுகிற மாதிரி பழைய புடவையைச் சுற்றிக் கட்டினேன்; மதில்மேல் ஏறி உள்ளே குதித்தது. மீன்வலை போடலாம் என்றால், கால் சிக்கிக்கொண்டால் வம்பு. தகரத்தைத் தட்டினால் எதிர் மாடியில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிற பையன்கள் சண்டைக்கு வருகிறார்கள். விடியற்காலையில் மொட்டைமாடியில் நின்று மயில் அகவுகிற அகவலுக்குத் தெருவே எழுந்துவிடுகிறது, அதை ஒருத்தரும் கேட்பதில்லை. பையன்கள் ரீல்ஸ் வேறு எடுக்கிறார்கள். அதில் பின்னால் தெரிகிற பாழ் நிலம் என் தோட்டம்.

கடைசியில் வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, மேலேயும் கம்பி வலை போட்டுக் கூண்டாகவே அடித்துவிடலாமா என்று கேட்டேன். அளவெடுத்துவிட்டு, "உள்ளே மயில் வளக்கப் போறீங்களா சார்?" என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்ட என் மனைவி, அந்தக் காசுக்குத் தள்ளுவண்டியில் எத்தனை வருஷம் கீரை வாங்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். இதையெல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மெதுவாகக் கேட்டார்: "தோட்டத்துல தோகை ஏதாச்சும் விழுந்து கிடந்தா எடுத்து வைப்பா, பூஜை ரூமுக்கு வேணும்."